கீமேன் பேத்தி கேட்ட கேள்வி

போன மே மாதம் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். அக்கா மகளுக்கு பிளஸ் டூ ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகியிருந்தது. அக்கா வீடு அம்பாசமுத்திரத்தில். அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதற்காக சேரன்மகாதேவி ஸ்டேஷனில் செங்கோட்டை வண்டிக்குக் காத்திருந்தோம். அப்பாவும் கூட வந்திருந்தார். வழியனுப்ப வருகிறேன் என்றுதான் சொல்வார், ஆனால் ரயில்வேயில் கீமேனாக, அதாவது பாதையை நடந்து பார்க்கிறவராக, இருந்து ஓய்வுபெற்ற பிறகும் வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஸ்டேஷன் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, போகிற வருகிற வண்டியைப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்கு ராத்திரி தூக்கம் வரும்.

வண்டி வர நேரம் இருந்தது. மருமகள் பிளாட்பாரத்தின் ஓரத்தில் நின்று கீழே பார்த்துக்கொண்டே இருந்தாள். "மாமா, தண்டவாளத்துல ஏதோ எழுதிருக்கே, என்னது?" என்றாள். தண்டவாளத்தின் பக்கவாட்டில், மேலே சக்கரம் ஓடும் தலைக்கும் கீழே குறுக்குக் கட்டையில் உட்காரும் பாதத்துக்கும் நடுவிலுள்ள இடுப்பில், புடைத்த எழுத்து வரிசை ஒன்று இருக்கும். துருவின் நிறத்திலேயே இருப்பதால் வருஷக்கணக்கில் ரயிலில் போகிறவர்கள்கூடக் கவனித்திருக்க மாட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்து வந்துவிட்டார். "அது தண்டவாளத்துக்கு ஜாதகம்ட்டி. எந்த ஆலையில உருட்டுனது, ஒரு மீட்டர் எத்தனை கிலோ, எந்த வருஷம், எந்த மாசம், எல்லாம் அதுல இருக்கும்" என்றார். 52 கிலோ, 60 கிலோ என்று ரயில்வேக்காரர்கள் சொல்வது ஒரு மீட்டர் நீளத்துக்கான எடையைத்தான். அவள் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"இதெல்லாம் எங்க மாமா படிக்கணும்? ரயில்வே எஞ்சினியரிங்னு தனியா காலேஜ் இருக்கா?"

இருக்கிறது. அதைச் சொல்லும்போது எனக்கு உள்ளே கொஞ்சம் வலித்தது, ஏனென்றால் அவள் ஆறு மாதம் தாமதமாகக் கேட்டிருந்தாள். குஜராத்தில் வதோதராவில் கதி சக்தி விஸ்வவித்யாலயா என்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. 2018-ல் தேசிய ரயில் மற்றும் போக்குவரத்து நிறுவனம் என்ற பெயரில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது, 2022-ல் சட்டத்திருத்தம் கொண்டுவந்து மத்தியப் பல்கலைக்கழகம் ஆக்கினார்கள். சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் எல்லாவற்றையும் ரயில் பக்கம் திருப்பிவைத்து பி.டெக். சொல்லித்தருகிறார்கள். சேர்வதற்கு ஜே.இ.இ. மெயின் எழுதியிருக்கவேண்டும். அவள் எழுதவில்லை. அவள் பள்ளியில் நீட் என்றார்கள், இல்லையென்றால் அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங் என்றார்கள், மூன்றாவதாக ஒரு வழி இருப்பதை யாரும் சொல்லவில்லை. பள்ளியை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ரயில்வேயிலேயே வேலை பார்க்கிற தாய்மாமன் நான் இருந்தேன், நானும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முதல் காரணம் அதுதான். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். மெயின் தேர்வின் முதல் சுற்று ஜனவரியிலேயே வந்துவிடும், விண்ணப்பம் அதற்கும் முன்னால்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். அங்கே படித்தால் ரயில்வே வேலை கைக்கு வந்துவிடும் என்று எண்ணிச் சேரவேண்டாம். அந்தக் காலத்தில் அப்படி ஒரு வழி இருந்தது. பிளஸ் டூ முடித்த பையன்களை யு.பி.எஸ்.சி. தேர்வு வைத்துப் பொறுக்கியெடுத்து, பீகாரில் ஜமால்பூர் பட்டறையில் பயிற்சி கொடுத்து நேராக அதிகாரியாக்குவார்கள். 1927-ல் தொடங்கிய ஏற்பாடு, பத்து வருஷம் போல ஆகிறது அது நின்று. இப்போது யார் எங்கே படித்தாலும் பொதுத் தேர்வு எழுதித்தான் உள்ளே வரவேண்டும். அப்படியென்றால் அந்தப் படிப்பால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். ரயில் என்பதை ஒரு அறிவுத்துறையாக நாலு வருஷம் உட்கார்ந்து படிக்கிறோமே, அதுதான் லாபம். நம் ஊரில் இல்லாதது அதுதான்.

நம் ஊரில் ரயில்வே என்றால் பரீட்சை. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் எந்த நாள் போனாலும் தடித்த கைடைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். அவர்கள் உழைப்பின்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை உண்டு, நானும் அந்த மேஜையிலிருந்து வந்தவன்தான். ஆனால் என்ன வேலைக்குப் படிக்கிறாய் என்று கேட்டால் "ரயில்வே, அண்ணாச்சி" என்பான். ரயில்வேயில் என்ன வேலை என்றால், "எது கிடைச்சாலும் சரி." தேர்வானால் மறுநாளிலிருந்து எங்கே நிற்கப்போகிறோம், கையில் எதைப் பிடிக்கப்போகிறோம், நம்மால் யாருக்கு என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியாது. அவனிடம் யாரும் சொன்னதில்லை.

இந்தத் தெரியாமை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2022 கடைசியில் வெளியான ஒரு செய்தி போதும். நம் மாநிலத்துப் பிள்ளைகள் 28 பேரை, ரயில்வேயில் வேலை என்று நம்பவைத்து, புதுதில்லி ரயில் நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்தி, தினமும் எட்டு மணிநேரம் வருகிற போகிற ரயில்களையும் பெட்டிகளையும் எண்ணச் சொன்னார்கள். அதுதான் பயிற்சி என்றார்கள். ஒரு மாதம் போல எண்ணியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் கொடுத்த பணம் 2 லட்சத்திலிருந்து 24 லட்சம் வரை. படித்த பிள்ளைகள்தான், எஞ்சினியரிங் முடித்தவர்களும் இருந்தார்கள். அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. ரயில்வேக்குள் நடக்கும் வேலை எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நாளாவது யாராவது காட்டியிருந்தால், பெட்டி எண்ணச் சொன்ன முதல் மணிநேரத்திலேயே சுதாரித்திருப்பார்கள்.

எனக்குக் காட்ட அப்பா இருந்தார். அவர் கீமேன். தன் பீட்டில், அதாவது தன் பொறுப்பில் விட்டிருக்கும் தூரத்தில், வரும் பாதையை தினமும் காலையில் நடந்தே பார்க்கிறவருக்குப் பெயர் கீமேன். அப்பாவுக்கு போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு. தோளில் பை, அதில் ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, ஆபத்து நேரத்தில் தண்டவாளத்தில் கட்டிவைக்க, சக்கரம் ஏறினால் வெடித்துச் சத்தத்தால் டிரைவரை எச்சரிக்கும் டெட்டனேட்டர். கையில் நீளக் காம்பு போட்ட சுத்தியல். கழன்ற ஆணியை அடித்து இறுக்குவார், கழன்றிருக்கிறதா என்பதைத் தட்டும் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊர் வழி ஓடியது மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு மீட்டர் அகலமுள்ள பாதை. திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை 1902-லும், அங்கேயிருந்து செங்கோட்டைக்கு அடுத்த வருஷமும் போட்ட பாதை. அது மூடப்பட்டு, கேஜ் மாற்றம் முடிந்து, 2012 செப்டம்பரில் அகலப் பாதையாகத் திறந்தது. நடுவில் இருந்த வருஷங்களில் எங்கள் ஊரில் ரயில் சத்தமே கிடையாது. ஆனால் ஸ்கூல் விட்டு வரும்போது ஒரு பாதையை எப்படிப் பிரித்து எப்படிப் போடுகிறார்கள் என்று தினமும் பார்த்தேன். மண் கொட்டி, உருளை ஓட்டி இறுக்கி, ஜல்லி பரப்பி, கான்கிரீட் கட்டை அடுக்கி, மேலே தண்டவாளம் வைத்து, கட்டையோடு சேர்த்துப் பிடிக்க வளைந்த கம்பி கிளிப்பைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவார்கள். சிவில் படிக்கவேண்டும் என்று அப்போதே முடிவு பண்ணினேன்.

2014-ல் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தேன். எங்களுக்கு 2013 பாடத்திட்டம். ரயில், விமான நிலையம், துறைமுகம் மூன்றும் சேர்த்து ஆறாவது செமஸ்டரில் ஒரே தாள். ஐந்து அலகில் ரயிலுக்கு இரண்டு. அந்த இரண்டையும் மூன்று வாரத்தில் முடித்துவிட்டார்கள். தண்டவாளத்தின் குறுக்குவெட்டுப் படத்தை நோட்டில் வரைந்தோம், பாகம் குறித்தோம், பதின்மூன்று மார்க் கேள்விக்குப் பதில் மனப்பாடம் பண்ணினோம். கல்லூரி வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் ரயில் பாதை இருந்தது. ஒரு நாள்கூட அங்கே கூட்டிப்போகவில்லை. அனுமதி வாங்கவேண்டும், அது கஷ்டம் என்றார்கள், யாரும் ஒரு கடிதம் எழுதிக் கேட்டதாகவும் எனக்குத் தெரியவில்லை. படிப்பு முடிந்து ஒரு கோச்சிங் சென்டரில் பணம் கட்டினேன். அங்கே கணக்குக்கும் ரீசனிங்குக்கும் குறுக்குவழி சொல்லிக்கொடுத்தார்கள், அது முதல் கட்டத்துக்கு உதவியது என்பது உண்மை. ஆனால் ஜூனியர் எஞ்சினியர் தேர்வின் இரண்டாம் கட்டத்தில் 150 கேள்வியில் 100 தொழில்நுட்பக் கேள்வி. அதற்கு ஆசிரியர் வருவார் வருவார் என்றே நாலு மாதம் ஓட்டினார்கள், கடைசிவரை வரவில்லை.

அப்போதுதான் அப்பா பாதையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார், நானும் முதல் தடவையாகக் கையில் பேனா வைத்துக்கொண்டு கேட்டேன். ஒரு சாயங்காலம், "இப்ப ரயில்ல கடக்குக் கடக்குன்னு சத்தம் வரலியே, ஏன்னு தெரியுமால?" என்று கேட்டார். பழைய பாதையில் ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் நடுவில் சிறு இடைவெளி விட்டு மீன்தட்டு என்ற இரும்புப் பட்டை போட்டு இணைத்திருப்பார்கள், சக்கரம் அந்த இடைவெளியைத் தாண்டும்போதெல்லாம் சத்தம் வரும். வெயிலில் இரும்பு நீளுமே, அதற்கு இடம் வேண்டும் என்றுதான் அந்த இடைவெளி. இப்போது தண்டவாளங்களைப் பற்றவைத்துக் கிலோமீட்டர் கணக்கில் ஒரே துண்டாக்கிவிடுகிறோம். கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 30 டிகிரி சூடு ஏறினால், தடுக்க ஒன்றும் இல்லையென்றால், சுமார் 35 சென்டிமீட்டர் நீளும். நம் ஊர் மே மாத மதியத்தில் தண்டவாளத்தின் சூடு 60 டிகிரியைத் தொடும். அந்த நீட்சி எங்கே போகிறது? எங்கேயும் போகவில்லை. கிளிப் தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கிறது, கட்டையை ஜல்லி பிடித்திருக்கிறது, அதனால் நீள முடியாமல் அத்தனை விசையும் இரும்புக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. இரண்டு முனையிலும் கொஞ்ச தூரம் மட்டும் அசையும், அதை ப்ரீதிங் லெங்த், மூச்சுவிடும் நீளம் என்பார்கள். கட்டையின் தலைமாட்டில் ஜல்லி குறைந்தால் அந்த அடைபட்ட விசை பாதையையே பக்கவாட்டில் நெளித்துத் தள்ளிவிடும். உச்சி வெயிலில் கீமேனும், பாதையைப் பராமரிக்கும் டிராக்மேனும் பாதையில் நடப்பது அதைப் பார்க்கத்தான்.

இதையே புத்தகத்தில் தேடியபோது ரயில்வேயின் நிரந்தரப் பாதைக் கையேடு கிடைத்தது. பூனாவில் இருக்கும் ரயில்வே சிவில் எஞ்சினியரிங் பயிற்சி நிறுவனம் வெளியிட்ட நூல்களும் கிடைத்தன. எல்லாம் இணையத்தில் இலவசம். ஒரு ரூபாய் செலவில்லை. கோச்சிங்குக்குக் கட்டிய பணத்தை நினைத்து ஒரு ராத்திரி முழுக்க ஆத்திரமாக இருந்தது. 2018 கடைசியில் அறிவிப்பு வந்த அந்தத் தேர்வில் இந்தியா முழுக்க 13,487 இடம். எனக்கும் ஒரு இடம் கிடைத்தது. பி.வே., அதாவது பாதைப் பிரிவு. அப்பாவின் அதே பிரிவு. இப்போது வேறு மாநிலத்தில் ஒரு செக்‌ஷனில் இருக்கிறேன். காலை நடையில் என் கூட வரும் கீமேன் அண்ணாவைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா ஞாபகம்தான்.

சரி, 2023 டிசம்பருக்கு வருகிறேன். ரயில் எஞ்சினியரிங் நெல்லைச் சீமைப் பிள்ளைகளுக்கு ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் பதில் அந்த மழைதான். டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. 17-ம் தேதி ராத்திரி திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. உள்ளே ஏறத்தாழ 800 பேர். செய்துங்கநல்லூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடுவில் பாதையின் அடியிலிருந்த ஜல்லியும் மண்கரையும் அடித்துக்கொண்டு போயிருந்தன. வண்டியை நிறுத்தியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. நான் வெளிமாநிலத்தில் இருந்துகொண்டு செல்போனில் அந்தப் படங்களைப் பார்த்தேன். கீழே வெறும் தண்ணீர். மேலே தண்டவாளம் நூலேணி போலத் தொங்குகிறது, கால் டன்னுக்கு மேல் கனமுள்ள கான்கிரீட் கட்டைகளும் விழாமல் அதோடு தொங்குகின்றன. விழாததற்குக் காரணம் அந்த வளைந்த கம்பி கிளிப்தான். மண் கைவிட்ட பிறகும் கிளிப் கைவிடவில்லை. அந்தப் படத்தை நான் என் அறையில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

பாதை திரும்பவும் சரியாகி ரயில் ஓட ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. அதற்குப் பிறகு லீவில் ஊருக்கு வந்தபோது அப்பா ஒன்று சொன்னார், அதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. "பாதைக்குத் தண்ணி வானத்துல இருந்து வராதுல, குளத்துல இருந்துதான் வரும்." தாமிரபரணிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். நம் பக்கம் கால்வாய் குளத்தை நிரப்பும், நிரம்பிய குளத்தின் மறுகால், அதாவது வழிகிற தண்ணீர், அடுத்த குளத்துக்குப் போகும், அதன் மறுகால் அதற்கடுத்த குளத்துக்கு. சங்கிலி மாதிரி. அந்தச் சங்கிலியை வெள்ளைக்காரன் காலத்து ரயில் கரை குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு வெட்டிலும் ஒரு சின்னப் பாலம் விட்டிருக்கிறார்கள், அந்தப் பாலத்தின் கண், அதாவது தண்ணீர் போகும் திறப்பு, எத்தனை அடி என்பது அன்றைக்குப் போட்ட கணக்கு. மேலே ஒரு குளம் உடைந்தால், அல்லது மறுகால் போகும் ஓடையில் வீடு கட்டிவிட்டால், தண்ணீர் அத்தனையும் பாலத்தை விட்டுவிட்டுக் கரைமேலே ஏறும். கரைக்கு ஒரு பக்கம் தண்ணீர் தேங்கி, மறுபக்கம் வழிய ஆரம்பித்தால் அப்புறம் ஜல்லி நிற்காது.

இதைக் கண்டுபிடிக்க வதோதரா போகவேண்டியதில்லை. எந்தக் குளத்து மறுகால் எங்கே போகிறது என்பது நம் ஊரில் ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும். அதை அளந்து, மழைக் கணக்கோடு சேர்த்து, இந்தப் பாலம் போதுமா போதாதா என்று சொல்வதுதான் சிவில் எஞ்சினியரின் வேலை. திருநெல்வேலியில் 1981 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, சுற்றிலும் தனியார் கல்லூரிகள் இருக்கின்றன. வருஷா வருஷம் கடைசி செமஸ்டரில் பிராஜெக்ட் செய்கிற சிவில் பிள்ளைகளில் பத்துப் பேர், ஆளுக்கு ஒரு சின்னப் பாலத்தை எடுத்துக்கொண்டால் போதும். நாலைந்து வருஷத்தில் திருச்செந்தூர் பாதைக்கும் தென்காசிப் பாதைக்கும் எங்கே ஆபத்து என்ற முழு வரைபடம் நம்மிடம் இருக்கும். அப்படி ஒரு பிராஜெக்டைக் கையில் வைத்திருக்கிற பிள்ளையை எந்த ஆலோசனை நிறுவனமும் வேண்டாம் என்று சொல்லாது. ரயில்வேயின் வேலையில் நிறைய இப்போது வெளியே இருக்கும் வடிவமைப்பு, கட்டுமான நிறுவனங்கள் வழியாகத்தான் நடக்கிறது.

வேலையைப் பற்றிக் கேட்டு எனக்கு நிறையப் பேர் போன் பண்ணுகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். டிப்ளமோ முடித்தாலே ஜூனியர் எஞ்சினியர் தேர்வு எழுதலாம், பி.இ. கட்டாயம் இல்லை. அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய், அதற்குமேல் பஞ்சப்படி, மற்றவை. சிவில் என்றால் பாதை, பாலம், கட்டடம். எலெக்ட்ரிக்கல் என்றால் மேலே ஓடும் மின்கம்பி, எஞ்சின். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் சிக்னல் பக்கம் கட்டாயம் பார்க்கவேண்டும், ஏனென்றால் இரண்டு ரயில் மோதாமல் தானாகவே பிரேக் போடும் கவச் அமைப்பை நாடு முழுக்கப் பொருத்தும் வேலை இனிமேல்தான் பெரிதாக வரப்போகிறது. பேட்டை ஐ.டி.ஐ.யில் படிக்கிற பிள்ளைகளுக்கு உதவி லோகோ பைலட் வேலை இருக்கிறது, அடிப்படை 19,900. 2024 அறிவிப்பில் 5,696 என்று தொடங்கிய இடங்களை 18,799 ஆக்கினார்கள். ஆனால் அதற்குக் கண்ணாடி இல்லாமல் முழுப் பார்வை வேண்டும், லேசர் சிகிச்சை செய்த கண்ணையும் ஏற்கமாட்டார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு வருஷம் படித்துத் தேர்வில் ஜெயித்து மருத்துவப் பரிசோதனையில் திரும்பிவந்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும், அதனால் முதலில் கண் டாக்டரிடம் போய்விட்டு அப்புறம் புத்தகம் வாங்குங்கள். பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்.பிலும் பொன்மலைப் பட்டறையிலும் அப்ரென்டிஸ் முடித்தவர்களுக்கு ரயில்வேயின் முதல் நிலைப் பணிகளில் 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. நாம் சென்னைக்குப் போகிற வந்தே பாரத் பெட்டி அந்தப் பெரம்பூரில் உருவானதுதான். கணினித் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், நம் பிள்ளைகளில் பலர் அந்த வசதியைத் தேர்ந்தெடுக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

அதிகாரியாக வேண்டும் என்றால் யு.பி.எஸ்.சி. சில வருஷம் சிவில் சர்வீஸ் தேர்வு வழியாக மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார்கள், 2025 முதல் எஞ்சினியரிங் சர்வீசஸ் தேர்வு வழியும் திரும்பத் திறந்திருக்கிறது. எஞ்சினியரிங் பிள்ளைகளுக்கு அது பெரிய நிம்மதி.

ரயில்வே மட்டும்தான் ரயில் என்றும் இல்லை. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். சுரங்கம், மேம்பாலப் பாதை, சிக்னல், பெட்டி எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். மெட்ரோவில் பல இடங்களில் ஜல்லியே கிடையாது, கான்கிரீட் மேலேயே தண்டவாளத்தைப் பொருத்துகிறார்கள், அதைச் செய்யத் தெரிந்தவர்கள் நம் நாட்டில் இன்னும் குறைவு. பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தைப் பாருங்கள், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே ஏறுகிறது. சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், சிக்னல் நாலும் ஒரே இடத்தில் சேர்ந்து வேலை செய்த பாலம் அது. நெல்லையிலிருந்து ஒரு நாளில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். கல்லூரிகள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் டூர் போகிற பஸ்ஸை ஒரு தடவை பாம்பனுக்குத் திருப்பவேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

சேரன்மகாதேவி ஸ்டேஷனுக்குத் திரும்புகிறேன். மருமகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அக்காவுக்கு உள்ளூர ஒரு பயம் உண்டு என்று எனக்குத் தெரியும். பொம்பளப் பிள்ளை வெயிலில் தண்டவாளத்தில் நடக்கிறதா என்று அவள் போனிலேயே ஒரு தடவை கேட்டிருந்தாள். என் செக்‌ஷனில் டிராக் மெயின்டெய்னர் வேலையில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். சுரேகா யாதவ் 1989-ல் உதவி டிரைவராகச் சேர்ந்து, ஆசியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநர் என்று பெயர் வாங்கி, முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வண்டி ஓட்டிவிட்டு ஓய்வுபெற்றிருக்கிறார். பாதைப் பிரிவு சுலபம் என்று நான் பொய் சொல்லமாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வரும். வழியில் கழிப்பறை இருக்காது, பெண்களுக்கு அது உண்மையான கஷ்டம், அது மாறவேண்டும். ஆனால் அந்தக் கஷ்டத்தைக் காட்டி ஒரு பிள்ளையின் ஆர்வத்தை நிறுத்தக்கூடாது. அக்காவிடம் இதைத்தான் சொன்னேன். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து அவளே போன் பண்ணி, "சிவில்னு போட்டா கவுன்சிலிங்ல எது எது கிடைக்கும்ல?" என்று கேட்டாள்.

கவுன்சிலிங் முடிந்து, இங்கேயே பக்கத்தில் ஒரு கல்லூரியில் சிவில் கிடைத்திருக்கிறது. வதோதரா போகமுடியாத வருத்தம் அவளுக்கு இருக்கிறது. மேல்படிப்புக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன், அதற்கு கேட் தேர்வு இருக்கிறது, மெட்ரோ ரயில் தொழில்நுட்பத்துக்கென்று ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஒரு பட்டயப் படிப்பும் இருக்கிறது. இப்போதைக்கு அவளும் தாத்தாவும் சேர்ந்து ஒரு நோட்டு போட்டிருக்கிறார்கள். சனி, ஞாயிறு சேரன்மகாதேவிக்கு வந்துவிடுகிறாள். சேரன்மகாதேவிக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவில் ரயில் பாதையில் இருக்கும் சின்னப் பாலங்களை, பக்கத்து ரோட்டிலிருந்தும் வரப்பிலிருந்தும் பார்த்தே ஒவ்வொன்றாக எழுதுகிறார்கள். பாலத்தில் பெயின்டில் போட்டிருக்கும் நம்பர், எத்தனை கண், தண்ணீர் எந்தக் குளத்திலிருந்து வருகிறது, கன்னடியன் கால்வாய்த் தண்ணீரா மறுகால் தண்ணீரா, போய்ச் சேருவது எங்கே. அப்பா முப்பது வருஷம் நடந்த பாதை, பாதி அவர் நினைவிலிருந்தே வந்துவிடும், மீதிக்கு வரப்பில் நிற்கும் ஆட்களிடம் கேட்கிறார்கள். போன ஞாயிறு அவள் எனக்கு அந்த நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். பதினோரு பாலம் ஆகியிருக்கிறது. ஏழாவதற்கு நேரே இரண்டு குளத்தின் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாள். தாத்தா ஒன்று சொல்கிறாராம், அவள் மேட்டையும் பள்ளத்தையும் பார்த்துவிட்டு இன்னொன்று சொல்கிறாளாம். அடுத்த மழைக்கு நேரில் போய்ப் பார்த்து முடிவு பண்ணுவதாக இருக்கிறார்கள்.